பெரட்டுக்கு வெற்றிலை வைத்த லோகேஸ்

"டீச்சர், நான் இந்த மண்டோர் வேலையத் திருப்பிக் குடுத்துரப் போறேன்."

லோகேஸ் இதைச் சொன்னபோது நான் வெண்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை மத்தியானம். கெடா மாநிலத்துச் செர்டாங் கோயில் மண்டபத்து மின்விசிறி சத்தத்தை வாரி வழங்கும், காற்றைக் கணக்குப் பார்த்துத்தான் தரும். முன்வரிசையில் யாரோ கொண்டுவந்திருந்த நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தின் வாசம் வகுப்பு முழுக்கப் பரவியிருந்தது.

லோகேஸ்வரி நாற்பதை நெருங்குகிறவள். பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் மருந்தடிக்கும் கேங்கில் பல வருடங்களாக முதுகில் பம்பைச் சுமந்தவள். பக்கத்தில் வந்தாலே தைல வாசம் அடிக்கும். அந்த மாதத் தொடக்கத்தில்தான் அதே கேங்குக்கு அவளை மண்டோராகப் போட்டிருந்தார்கள். வேலையைப் பிரித்துக் கொடுத்து, கூடவே நின்று மேற்பார்வை பார்க்கிற பொறுப்பு. அந்தத் தோட்டத்தில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண் அவள்தான். செய்தி வந்த அன்று வகுப்பில் கேசரி கிண்டிக் கொண்டாடினோம்.

"ஏன்லா? யாரும் சண்ட போட்டாங்களா?" என்று கேட்டார் அந்தோணி அண்ணன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், எங்கள் வகுப்பின் பெரிய வாய்.

"சண்ட போட்டாக்கூட பரவால்லண்ணே. யாரும் ஒண்ணுமே சொல்ல மாட்றாங்க" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

லோகேஸ் அழுது நாங்கள் யாரும் பார்த்ததில்லை. எனக்குக் கையில் இருந்த பேனாவை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அது என்ன வகுப்பு?

கதையை இங்கேயே கொஞ்சம் நிறுத்துகிறேன். செமிலிங்கில் நான் குடிவந்த கதையை, வாராவாரம் நான் எழுதும் இந்தப் பக்கங்களில் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: "சமூகவியல் வாத்தியார் என்கிறீர்களே, அது என்ன பாடம்? சமூக சேவையா?"

கோபம் வரவில்லை அம்மா. என் சொந்தத் தம்பியே இன்றுவரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

சுங்கைப் பட்டாணியில் ஒரு கல்லூரியில் நான் அந்தப் பாடத்தைத்தான் சொல்லிக்கொடுத்தேன். பிறகு, படிக்க ஆள் வருவதில்லை என்று பாடத்தையே எடுத்துவிட்டார்கள். எனக்கு வேறு பாடம் கொடுத்தார்கள். சம்பளம் வந்தது, மரியாதை இருந்தது, ஆனால் காலையில் எழுந்து போகத்தான் மனசு வரவில்லை. பிடித்த வேலையைப் பிடுங்கிக்கொண்டு நாற்காலியை மட்டும் விட்டுவைத்தால் மனுஷிக்கு எப்படி இருக்கும்?

அந்தச் சமயத்தில்தான் செர்டாங் கோயில் மகளிர் குழுவிலிருந்து அழைத்தார்கள். பெரியவர்களுக்குச் சனிக்கிழமைகளில் ஏதாவது சொல்லித்தர முடியுமா என்றார்கள். தையல், கேக் அலங்காரம் இரண்டும் முடிந்துவிட்டதாம். "எனக்குச் சமூகவியல்தான் தெரியும்" என்றேன். மறுமுனையில் யாரிடமோ கலந்து பேசினார்கள். பிறகு, "சரி டீச்சர், அதையும்தான் பாப்போமே" என்றார்கள்.

அந்த ‘பாப்போமே’வுக்கு நான் பட்ட கடன் பெரியது. இந்தத் தொடரில் எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறேன். இந்த வாரம் நன்றி சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

சாப்பிட்டீங்களா?

முதல் வகுப்பிலேயே கனமான கலைச்சொற்களைக் கொட்டினால் மறுவாரம் நானும் மின்விசிறியும்தான் மிஞ்சுவோம் என்று தெரியும். அதனால் ஒரு விளையாட்டு வைத்தேன்.

"நம்மை யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தராத சட்டங்கள் நிறைய இருக்கின்றன. ஆனாலும் எல்லோரும் அதன்படிதான் நடக்கிறோம். இந்த வாரம் ஒன்றே ஒன்றை மீறிப் பாருங்கள். யாராவது ‘சாப்டிங்களா’ன்னு கேட்டால், சாப்பிடவில்லை என்றால் ‘இல்லை’ என்று உண்மையைச் சொல்லுங்கள்."

அவ்வளவுதான். நம் ஊரில் அந்தக் கேள்விக்கு ‘ஆச்சு’ என்பதுதான் பதில். வயிறு காந்தினாலும் ‘ஆச்சு’தான்.

மறுவாரம் அந்தோணி அண்ணன் வயிற்றைத் தடவிக்கொண்டே வந்தார். "டீச்சர், இனிமே இந்த மாதிரி ஹோம்வொர்க் குடுக்காதீங்க. பிள்ளைங்கள எறக்கிவுட்ட வீட்டுலல்லாம் தோச. வேணாம்னா கோச்சிக்கிறாங்க. எம் பொண்டாட்டிகிட்ட வேற, ஒங்க வீட்டுல சமைக்கிறதில்லையான்னு கேட்டுட்டாங்க. அவ ரெண்டு நாளா மூஞ்சி குடுத்துப் பேசல."

மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்பிலேயே பாடம் முடிந்துவிட்டது. சமூகம் என்பது எங்கோ மேலே உட்கார்ந்திருக்கும் அரசாங்கம் இல்லை. நீங்கள் ‘இல்லை’ என்று சொன்னதும் பதறிப்போய் அடுப்பைப் பற்ற வைக்கிறாரே, அந்த அம்மாதான் சமூகம். உங்கள் பதில் உங்கள் மனைவியின் மானத்தைத் தொட்டுவிட்டதே, அந்தக் கண்ணுக்குத் தெரியாத கயிறுதான் சமூகம்.

அதற்குப் பிறகு அவர்களே கண்டுபிடித்துக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். சீனர் கடையில் பேசும் மலாய்க்கும் அரசாங்க அலுவலகத்தில் பேசும் மலாய்க்கும் நம் முதுகே வேறு மாதிரி வளைகிறது என்றார் ஒருவர். தாமான் எனும் புதுக்குடியிருப்பு வீடுகளில் அழைப்பு மணி இருந்தாலும் கேட்டுக்கு வெளியே நின்று "அக்கா!" என்று கத்தினால்தான் சொந்தக்காரர், மணியை அடித்தால் கடன் கேட்க வந்தவர் என்றார் இன்னொருவர். நான் குறிப்பெடுத்து வைத்த பாடங்களை அந்தச் சனிக்கிழமைகளில் பாதிகூட எடுத்ததில்லை.

என் கணவரையும் சொல்ல வேண்டும். வெள்ளியும் சனியும்தானே கெடாவில் விடுமுறை. அந்தச் சனியையும் நான் சாலையில் கழித்தேன். "போயிட்டு வாலா, அங்க போயிட்டு வந்தாத்தான் நீ மனுஷி மாதிரி இருக்க" என்று காருக்கு எண்ணெய் போட்டு வைப்பார். பாராட்டா, குத்தலா என்று நான் ஆராயப் போவதில்லை.

சொன்னதை மட்டும்

சரி, அழுத லோகேஸிடம் திரும்புவோம்.

தண்ணீர் குடித்துவிட்டு அவள் சொன்னது இது. கேங்கில் எல்லோரும் அவள் பிறந்து வளர்ந்த லயத்து வரிசை வீடுகளில் குடியிருக்கும் பெண்கள். சித்தி, அத்தை, மதினி என்று முறை வைத்துக் கூப்பிடுகிறவர்கள். அவள் மண்டோரான நாளிலிருந்து அவள் சொன்னதை எல்லோரும் செய்கிறார்கள். ஆனால் சொன்னதை மட்டும்தான் செய்கிறார்கள்.

"பம்ப எடுங்கன்னா எடுக்குறாங்க. தண்ணி ஊத்துங்கன்னு நான் தனியா சொல்லணும். சொல்லலன்னா வெறும் பம்பத் தூக்கிக்கிட்டு நிக்கிறாங்க. அந்த மர நெரைக்குப் போங்கன்னா போறாங்க. அடிங்கன்னு சொல்ற வரைக்கும் சும்மா நிக்கிறாங்க. கேட்டா, ‘நீ சொல்லலையே’ங்கிறாங்க."

"யாரு இதுக்குத் தலைவி?" என்றார் அந்தோணி அண்ணன்.

"சரசு அத்தை. அவங்க ஒக்காந்தா எல்லாரும் ஒக்காருவாங்க. அவங்க எந்திரிச்சாத்தான் எந்திரிப்பாங்க. எங்கம்மா வேலைக்குப் போறப்பல்லாம் என்னைய அவங்க வீட்டுலதாண்ணே உட்டுட்டுப் போவும். அவங்க கையால சாப்புட்டு வளந்தவ நான். இப்ப டீ குடிக்கிறப்பகூட என்னையக் கூப்புட மாட்றாங்க."

மாத முடிவில் மேனேஜர் முடிவு செய்வாராம். வேலை இப்படியே இழுத்தால் வெளியிலிருந்து ஓர் ஆண் மண்டோரைக் கொண்டுவந்துவிடுவார்கள்.

"நான் உட்டுட்டா அப்புறம் எந்தப் பொம்பளையையும் கேக்க மாட்டாங்க, தெரியும். ஆனா சரசு அத்தை மூஞ்சியத் திருப்பிக்கிறத என்னால தாங்க முடியல டீச்சர்."

எனக்குக் கோபம்தான் வந்தது. பொறாமை, வேறென்ன என்று நினைத்தேன். ஒரு பெண் மேலே போனால் மற்ற பெண்களே காலை வாருகிறார்கள் என்று காலங்காலமாகச் சொல்லப்படும் அந்த வசனம் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைச் சொல்லியிருந்தால் நான் சமூகவியல் படித்ததற்கு அர்த்தமே இல்லை. ஒருவரின் நடத்தை புரியவில்லை என்றால் அவரது குணத்தைத் திட்டாதே, அவர் நிற்கும் இடத்தைப் பார் என்பதுதானே எங்கள் பாடத்தின் அரிச்சுவடி.

வெள்ளைத் தொப்பி

"நீ மண்டோரானது அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டேன். எதையாவது கேட்க வேண்டுமே என்று கேட்டதுதான்.

"வாட்சப்புலதான். கேங் குரூப்ல போட்டோ போட்டேன்."

கைப்பேசியைக் காட்டினாள். மருந்தடிக்கிறவர்களுக்கு மஞ்சள் தொப்பி, மண்டோருக்கு வெள்ளை. வெள்ளைத் தொப்பியுடன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு ஒரு படம். கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். சரசு அத்தையிடமிருந்து ஒன்றும் இல்லை.

அந்தோணி அண்ணன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "லோகேஸ், ஒம் மக காதுகுத்துக்கு எப்படிலா கூப்புட்ட?"

"வீடு வீடா போயி, வெத்தல வெச்சித்தான்."

"இதுக்கு ஏன் போகல?"

"ஐயோ, நான் மண்டோர் ஆயிட்டேன்னு வீடு வீடா போயி சொன்னா தலக்கனம்னு சொல்ல மாட்டாங்களா? அதான் சத்தமில்லாம குரூப்ல போட்டேன்."

"லயத்து ஆளு கல்யாணத்துக்கு ஒன்னைய வாட்சப்புல கூப்புட்டா போவியா?"

"எதுக்குப் போறது? என்னை ஆளாவே மதிக்கலன்னுதானே..."

பாதியில் நிறுத்திவிட்டாள். அவள் கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

அவள் அடக்கமாக இருக்க நினைத்துச் செய்த காரியம் அங்கே அவமரியாதையாகப் போய்ச் சேர்ந்திருந்தது. வேறு ஊரில் இது ஒரு விஷயமே இல்லை. கோலாலம்பூர் அலுவலகத்தில் யாராவது பதவி உயர்வுக்கு வெற்றிலைத் தட்டோடு வந்தால் பாதுகாவலரைக் கூப்பிடுவார்கள். ஆனால் லயத்தில் நல்ல செய்தி கால் நடந்து வந்து வாசலில் நிற்க வேண்டும். கண்ணாடித் திரையில் வந்தால் அது ஊராருக்கான செய்தி.

"டீச்சர்," லோகேஸ் எழுந்து நின்றாள், "நீங்க இன்னிக்கே வீட்டுக்குப் போவணுமா?"

ஜோடியாகப் போக வேண்டும்

அழைக்கப் போகிறவர்கள் தனியாகப் போகக் கூடாது. புருஷனும் பெண்டாட்டியுமாகவோ, இரண்டு பெண்களாகவோதான் போக வேண்டும். லோகேஸின் கணவர் பாரிட் புந்தார் பக்கம் தொழிற்சாலையில் சாயங்கால ஷிப்ட். அதனால் நான்.

"சுரிதார்லயா வர்றது? அழைக்கப் போறோம் டீச்சர்" என்று தன் புடவையை எடுத்துக் கொடுத்தாள். அவளுடைய ஜாக்கெட் எனக்கு ஏறவில்லை. என் சுரிதார்ச் சட்டையின் மேலேயே புடவையைச் சுற்றி, முந்தானையைப் போர்த்திச் சமாளித்தேன். என் மாணவர்கள் யாரும் பார்க்கவில்லை என்பதில் இன்றும் எனக்கு மகிழ்ச்சி.

பித்தளைத் தட்டில் வெற்றிலை, பாக்கு, கற்கண்டு, மஞ்சள், குங்குமம். பெரியவர் வீட்டுக்குத்தான் முதலில் போக வேண்டும். ஆனால் லோகேஸ் சரசு அத்தை வீட்டைக் கடைசிக்கு ஒதுக்கினாள். "மொத வீட்டுலயே கதவச் சாத்திட்டா, மத்த வீட்டுக்கு எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுப் போறது?"

முதல் வீட்டில் ஒரு சித்தி. தட்டைப் பார்த்ததும் திகைத்தார். "யாருக்குலா கல்யாணம்? ஒம் மக இன்னும் ஸ்கூலு போவுதே?"

"கல்யாணம் இல்ல சித்தி. நான் மண்டோர் வேலைக்குப் போறேன். நாளைக்குக் காலைல பெரட்டு. நீங்க அவசியம் வரணும்."

பெரட்டு என்றால் விடிகாலையில் தோட்ட ஆபீஸ் முன்னால் வேலையாட்கள் கூடி, அன்றைய வேலையைக் கேட்டுக்கொள்வது. அவர் தினமும் போகிற இடம். சித்தி வாய்விட்டுச் சிரித்தார். "பெரட்டுக்கா வெத்தல! இது என்னாடி புதுசா இருக்கு!"

பிறகு சிரிப்பு நின்றது. கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் வெற்றிலையை வாங்கிக்கொண்டார். உட்காரச் சொன்னார். காப்பி வந்தது. அழைக்கப் போன வீட்டில் காப்பியை மறுக்கக் கூடாது. அந்த லயத்தில் எந்த வீட்டையும் தாண்டிப் போகவும் கூடாது. சாயங்காலம் முடிவதற்குள் நான் குடித்த காப்பியில் ஒரு குளம் வெட்டியிருக்கலாம். எல்லா வீட்டிலும் முதலில் சிரிப்பு, பிறகு கையைத் துடைத்துக்கொள்வது, பிறகு காப்பி. ஒரு வீட்டில் மட்டும் அந்த அம்மா லோகேஸின் கன்னத்தைத் தொட்டு, "இத அன்னிக்கே செஞ்சிருக்கக் கூடாதா?" என்றார்.

சரசு அத்தை வாசலில் செய்தித்தாளை விரித்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். ஒல்லியான உருவம், ஓய்வு பெறும் வயதை நெருங்குகிறவர். நாங்கள் லயத்தின் அந்தக் கோடியில் ஆரம்பித்ததிலிருந்து பார்த்துக்கொண்டேதான் இருந்திருப்பார்.

"கடைசிலதான் என் ஞாபகம் வந்திச்சா?"

லோகேஸ் தட்டை நீட்டினாள். "அத்தை, நான் மண்டோர் வேலைக்குப் போறேன். நீங்கதான் முன்ன நின்னு நடத்திக் குடுக்கணும்."

கல்யாணத்துக்கு அழைக்கிறவர்கள் சொல்லும் அதே வார்த்தை. சரசு அத்தை ஒரு நெத்திலியின் தலையைக் கிள்ளிப் போட்டார்.

"ஊருக்கே போட்ட போட்டோவத்தானே எனக்கும் போட்ட? நான் ஒனக்கு ஊராடி?"

"தப்புதான் அத்தை."

"ஒங்கம்மா இருந்திருந்தா மொதல்ல இங்கதான் ஓடி வந்திருக்கும்."

தட்டு நீட்டியபடியே இருந்தது. சரசு அத்தை தன் கைகளைப் பார்த்தார். "கையெல்லாம் கவுச்சி. உள்ள வெச்சிட்டுப் போ."

உள்ளே மேசைமேல் வைத்துவிட்டு வந்தோம். கையால் வாங்கினால்தான் அழைப்பை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். அவர் ஏற்றுக்கொண்டாரா, நெத்திலியைச் சாக்காகச் சொன்னாரா என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. அந்த ஒரு வீட்டில் மட்டும் காப்பி வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை

கெடாவில் ஞாயிறுதான் வாரத்தின் முதல் வேலைநாள். கல்லூரிக்கு லீவு சொல்லிவிட்டு, இரவு லோகேஸ் வீட்டிலேயே தங்கியிருந்தேன். வெளிச்சம் வருவதற்கு முன்பே ஆபீஸ் முன்னால் பெண்கள் கூடிவிட்டார்கள். கையில் சாப்பாட்டுச் சட்டி, பிளாஸ்க். மருந்துக் கொட்டகையிலிருந்து மூக்கை அரிக்கும் வாசம்.

"டீச்சரும் மருந்தடிக்க வர்றீங்களா?" என்று ஒரு மதினி என்னைச் சீண்டினார். லோகேஸைப் பார்த்தும் சிரித்தார்கள். ஆனால் எல்லார் கண்ணும் லயத்துப் பாதையில்தான் இருந்தது. சரசு அத்தை இன்னும் வரவில்லை. லோகேஸ் வெள்ளைத் தொப்பியைப் போடாமல் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தாள்.

அத்தை வந்தபோது கூடவே சின்னத் தொரையின் மோட்டார்சைக்கிளும் வந்தது. உதவி மேனேஜரான மலாய் இளைஞர்தான் அவர். தொரைமார்கள் கப்பலேறி எவ்வளவோ காலமாகியும் அந்தப் பெயர் மட்டும் போகவில்லை. கேங்கில் வேலை இழுக்கும் விஷயம் அவருக்கும் தெரிந்திருந்தது. யாரைக் கேட்க வேண்டும் என்றும் தெரிந்திருந்தது. லோகேஸைத் தாண்டி நேராகச் சரசு அத்தையிடம் போனார்.

"மாச்சாம் மானா, மாக்சிக்? மண்டோர் பாரு, ஓக்கே கா?" புது மண்டோர் எப்படி, சரிப்படுமா என்று கேட்டார். இந்தப் பதில்தான் மேனேஜருக்குப் போகும் என்று எல்லோருக்கும் புரிந்தது.

சரசு அத்தை பிளாஸ்க்கைக் கீழே வைத்தார். தலைத்துணியை இறுக்கிக் கட்டினார். பிறகு லோகேஸைக் காட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"அனாக் கித்தா, என்சிக்."

எங்க பிள்ளை, ஐயா. அவ்வளவுதான் சொன்னார்.

சின்னத் தொரை தலையாட்டினார். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. எத்தனையோ வருடம் பதவி, பொறுப்பு, உறவு என்று வெண்பலகையில் கட்டம் போட்டவள் நான். அவையெல்லாம் ஒரே ஆளின் வாயிலிருந்து ஒன்றாக வந்து விழுந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த இடத்தில் என்னை நிற்க வைத்த எல்லோருக்கும் மனசார நன்றி சொன்னேன். எனக்கு என் வேலை திரும்பக் கிடைத்ததும் அந்தக் காலையில்தான்.

லோகேஸ் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். சரசு அத்தை அவள் பக்கம் திரும்பினார்.

"என்னா வாயப் பாத்துக்கிட்டு நிக்கிற? வெயிலு வரப்போவுது. வேலையச் சொல்லு."

லோகேஸ் தொப்பியைத் தலையில் வைத்தாள். வேலையைச் சொன்னாள். எந்த நிரை என்பதை மட்டும்தான் சொன்னாள். அதற்குள் பெண்கள் பம்புகளில் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்திருந்தார்கள்.